நெடுஞ்சாலையோடு நீண்ட தொகுதி: வட கரோலினா 12 – வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

அமெரிக்கத் தேர்தல் குறித்து வந்திருந்த கடிதங்களில் தொகுதி எல்லைகளைப் பற்றியவை மிகுதியாக இருந்தன. ஐம்பது மாநிலங்களையும் மேலோட்டமாகத் தொட்டுச் செல்வதைவிட, ஒரே ஒரு தொகுதியை எடுத்துக்கொண்டு அதன் எல்லையும் வாக்குகளும் மாறிவந்த விதத்தைத் தொடக்கம் முதல் பார்ப்பது பயன் தரும் என்று கருதுகிறேன். ஆகவே வட கரோலினா மாநிலத்தின் 12ஆவது காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) தொகுதியைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் இடம் தந்திருக்கிறேன்.

ஒரு நெடுஞ்சாலையின் அகலமே கொண்ட தேர்தல் தொகுதி அமெரிக்காவில் இருந்ததாகப் படித்தேன். இது உண்மையா, மிகைப்படுத்திச் சொன்னதா?
— கல்லூரி மாணவி, திருநெல்வேலி

உண்மைதான். 1992ஆம் ஆண்டுத் தேர்தலுக்காக வரையப்பட்ட 12ஆவது தொகுதி, டர்ஹம் நகரில் தொடங்கி, ஐ-85 என்னும் நெடுஞ்சாலையை ஒட்டியே தென்மேற்காகச் சென்று, கிரீன்ஸ்பரோ, வின்ஸ்டன்–சேலம், சார்லட் ஆகிய நகரங்களில் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளைச் சேர்த்துக்கொண்டு, கேஸ்டோனியா வரை ஏறத்தாழ 160 மைல் நீண்டிருந்தது. அது கடந்துசென்ற கவுண்டிகள் (நம் மாவட்டங்களைப் போன்ற நிர்வாகப் பிரிவுகள்) பத்து. அந்தப் பத்தையும் அது துண்டாக்கியது. அவற்றுள் ஐந்து கவுண்டிகள் மூன்று வெவ்வேறு தொகுதிகளுக்குப் பங்கிடப்பட்டன. நகரங்களுக்கு இடைப்பட்ட வெளியில் தொகுதியின் அகலம் சாலையின் அகலத்துக்கு மேல் இல்லாத இடங்கள் இருந்தன. ஒரு கவுண்டியில் வடக்கு நோக்கிச் செல்லும் வண்டிகள் ஒரு தொகுதியிலும், தெற்கு நோக்கி வரும் வண்டிகள் வேறொரு தொகுதியிலும் ஓடின; அடுத்த கவுண்டிக்குள் நுழைந்ததும் இந்த நிலை இடம் மாறியது. ஓரிடத்தில் தொகுதியின் இரு பாகங்களும் ஒரு புள்ளியில் மட்டுமே தொட்டுக்கொண்டன. இவை எல்லாம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே எழுதப்பட்டிருக்கும் விவரங்கள். காரின் இரண்டு கதவுகளையும் திறந்துவைத்துக்கொண்டு அந்தச் சாலையில் ஓட்டிச் சென்றால் தொகுதியின் வாக்காளர்களில் பெரும்பாலோரை மோதிக் கொன்றுவிடலாம் என்று ஒரு சட்டமன்ற உறுப்பினர் சொன்னதையும் நீதிபதிகள் தீர்ப்பில் எடுத்துக்காட்டினார்கள்.

அந்த நகரங்கள் ஏன் அப்படி ஒரே வரிசையில் அமைந்தன என்பதையும் சொல்ல வேண்டும். 1856இல் முடிக்கப்பட்ட வட கரோலினா இரயில்பாதை, மாநிலத்தின் நடுப்பகுதியை ஒரு வில்லைப் போல வளைந்து கடந்து சார்லட் வரை சென்றது. அதன் ஓரத்திலும் அதன் கிளைப்பாதைகளிலும் புகையிலை, நெசவு, மரச்சாமான் தொழிற்சாலைகள் வளர்ந்தன. பின்னாளில் வந்த நெடுஞ்சாலை ஏறக்குறைய அதே வழியைப் பின்பற்றியது. ஆகவே தொகுதியின் வடிவம் விபரீதமானதே என்றாலும், அது இணைத்த ஊர்கள் ஒன்றோடொன்று தொடர்பே இல்லாதவை அல்ல. வரைபடத்தைப் பார்த்த உடனே அதன் உருவத்தைப் பழிக்கும் கட்டுரைகள் இந்தச் செய்தியைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன.

கறுப்பின மக்களுக்காக இப்படி ஒரு தொகுதியைச் செயற்கையாக உருவாக்க வேண்டிய தேவை என்ன? அவர்கள் பிற தொகுதிகளில் நின்று வெல்ல முடியாதா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

ஐயா, இந்தக் கேள்விக்கு விடை தேடுவோர் 1872க்குப் போக வேண்டும். உள்நாட்டுப் போருக்குப் பின் கறுப்பின ஆண்கள் வாக்குரிமை பெற்றிருந்த காலம் அது. வட கரோலினாவின் சட்டமன்றத்தைத் திரும்பப் பிடித்த அன்றைய ஜனநாயகக் கட்சியினர், மாநிலத்தின் கிழக்குப் பகுதிக் கறுப்பின வாக்காளர்களை இயன்றவரை 2ஆவது தொகுதி ஒன்றுக்குள் அடைத்துவிட்டால், சுற்றியுள்ள தொகுதிகள் தங்கள் கைக்கு எளிதாக வரும் என்று கணக்கிட்டு எல்லை வகுத்தார்கள். ‘கறுப்பு இரண்டாவது’ என்றே அந்தத் தொகுதிக்குப் பெயர் வந்துவிட்டது. ஜான் ஹைமன், ஜேம்ஸ் ஓ'ஹாரா, ஹென்றி சீத்தம், ஜார்ஜ் ஹென்றி ஒயிட் என நான்கு கறுப்பினத்தவர் வெவ்வேறு காலங்களில் அங்கிருந்து காங்கிரசுக்குச் சென்றனர். 1898இல் வில்மிங்டன் நகரில் நடந்த படுகொலையும் ஆட்சிக் கவிழ்ப்பும், 1900இல் மாநில அரசியல் சட்டத்தில் புகுத்தப்பட்ட எழுத்தறிவுத் தேர்வும் வாக்கு வரியும் சேர்ந்து கறுப்பின மக்களின் வாக்குரிமையை நடைமுறையில் பறித்துவிட்டன. தம் பதவிக்காலம் முடியவிருந்த நிலையில், 1901 ஜனவரி 29 அன்று ஒயிட் சபையில் பேசியபோது, இது அமெரிக்கக் காங்கிரசிடமிருந்து நீக்ரோ பெறும் தற்காலிக விடையாக இருக்கலாம், ஆனால் பீனிக்ஸ் பறவையைப் போல அவன் ஒருநாள் எழுந்து மீண்டும் வருவான் என்றார்.

அவர் சொன்ன அந்த நாள் வட கரோலினாவில் வருவதற்கு 1992 நவம்பர் வரை, ஏறத்தாழ 92 ஆண்டுகள் ஆயின. மாநில மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாகக் கறுப்பினத்தவர் இருந்தும், அத்தனை ஆண்டுகளில் ஒருவர்கூடக் காங்கிரசுக்குச் செல்லவில்லை. 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வாக்குச்சாவடிக் கதவைத் திறந்துவிட்டது. ஆயினும் வெள்ளையின வாக்காளர்கள் ஓரணியாக நின்று கறுப்பின வேட்பாளருக்கு எதிராக வாக்களிக்கும் வழக்கம் இருந்த இடங்களில் அந்த உரிமை பலன் தரவில்லை. 1986இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த தார்ன்பர்க் எதிர் ஜிங்கிள்ஸ் வழக்கும் வட கரோலினாவின் சட்டமன்றத் தொகுதிகளைப் பற்றியதுதான். இத்தகைய இன அடிப்படையிலான வாக்களிப்பு அங்கே நிலவியதை நீதிமன்றம் அந்த வழக்கில் ஏற்றுக்கொண்டது. எனவே பிற தொகுதிகளில் நின்று வெல்ல முடியாதா என்ற தங்கள் கேள்விக்கு, முயன்று பார்த்தவர்கள் தோற்றார்கள் என்பதே வரலாறு தரும் விடை.

1990 கணக்கெடுப்பில் மக்கள்தொகை உயர்ந்ததால் மாநிலத்துக்குக் கூடுதலாக ஓர் இடம் கிடைத்து, மொத்தம் 12 ஆனது. (1943 முதல் 1963 வரையிலும் 12 இடங்கள் இருந்தன, அப்போதைய 12ஆவது தொகுதி மேற்கே மலைப்பகுதியில் இருந்தது, எண்ணைத் தவிர இதற்கும் அதற்கும் உறவில்லை.) சட்டமன்றம் முதலில் கறுப்பினப் பெரும்பான்மையுள்ள ஒரே ஒரு தொகுதியோடு வரைபடம் தயாரித்தது. வாக்குரிமைச் சட்டத்தின் 5ஆவது பிரிவின்படி புதிய எல்லைகளுக்குக் கூட்டாட்சி அரசின் நீதித்துறையின் (இது நீதிமன்றம் அல்ல, அரசின் ஓர் அமைச்சகம்) முன்னனுமதி தேவைப்பட்டது; மாநிலத்தின் 100 கவுண்டிகளில் 40 அந்தப் பிரிவுக்கு உட்பட்டிருந்தன. நீதித்துறை அனுமதி மறுத்து, மாநிலத்தின் தெற்கு, தென்கிழக்குப் பகுதியில் இன்னொரு கறுப்பினப் பெரும்பான்மைத் தொகுதி அமைக்க இடமிருக்கிறது என்று சுட்டிக்காட்டியது.

சட்டமன்றம் இரண்டாவது தொகுதியை உருவாக்க ஒப்புக்கொண்டது. நீதித்துறை சொன்ன இடத்தில் அல்ல. அங்கே வரைந்தால், பதவியில் இருந்த வெள்ளையின ஜனநாயகக் கட்சி உறுப்பினர்களின் தொகுதிகள் பலவீனப்படும். அதனால்தான் எல்லைக்கோடு நெடுஞ்சாலைக்குச் சென்றது. கறுப்பின மக்களுக்குச் சலுகை காட்டப்போய் இந்த வடிவம் வந்தது என்று பொதுவாகச் சொல்லப்படுவதை நான் ஏற்கவில்லை. அவர்களுக்கு ஓர் இடம் தருவதற்குச் சட்டம் கட்டாயப்படுத்தியது. அந்த இடத்தை 160 மைல் நீளத்துக்கு இழுத்ததோ பதவியில் இருந்தவர்களின் தற்காப்பு.

அப்படியானால் நீதிமன்றம் எதைத் தவறு என்றது? ஒரே தொகுதிக்காக எத்தனை முறை வழக்கு நடந்தது?
— வழக்கறிஞர், மதுரை

இந்த ஒரு தொகுதிக்காக உச்ச நீதிமன்றம் ஐந்து முறை தீர்ப்பெழுதியிருக்கிறது. முதலாவது 1993 ஜூன் 28 அன்று வந்த ஷா எதிர் ரீனோ. டியூக் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ராபின்சன் எவரெட்டும் டர்ஹம் வாசிகள் சிலரும் தொடுத்த வழக்கு இது. நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர் எழுதிய 5–4 பெரும்பான்மைத் தீர்ப்பு, இனம் என்ற ஒன்றைத் தவிர வேறு எதனாலும் விளக்க முடியாத அளவுக்கு வடிவம் சிதைந்த தொகுதி, சமச் சட்டப் பாதுகாப்பு என்னும் அரசியல் சட்ட உறுதியை மீறக்கூடும் என்றது. இத்தகைய வரைபடம் ‘அரசியல் இனஒதுக்கலை’ அச்சமூட்டும் அளவுக்கு ஒத்திருக்கிறது என்றும் கூறியது. அழகில்லாத வடிவம் மட்டுமே குற்றமாகாது. இனத்தைத் தலையாய அளவுகோலாகக் கொண்டு மக்களைப் பிரித்ததற்கு அந்த வடிவம் சான்றாக நின்றது என்பதே தீர்ப்பின் சாரம்.

வழக்கு கீழ் நீதிமன்றத்துக்குப் போய்த் திரும்பி வந்தபோது, 1996 ஜூன் 13 அன்று ஷா எதிர் ஹன்ட் தீர்ப்பு, மீண்டும் 5–4 என்ற கணக்கில், தொகுதியைச் செல்லாததாக்கியது. 1997இல் சட்டமன்றம் எல்லையைத் திருத்தியது. டர்ஹமும் கேஸ்டோனியாவும் நீங்கின. துண்டான கவுண்டிகள் ஆறாகக் குறைந்தன. பழைய பரப்பில் 41.6 சதவீதமே எஞ்சியது. நீளம் சுமார் 95 மைலாகச் சுருங்கியது. மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் பங்கு 57 சதவீத அளவிலிருந்து 47 சதவீதத்துக்கு இறங்கியது. இதையும் எதிர்த்து வழக்கு வந்தது. 1999இல் உச்ச நீதிமன்றம், விசாரணை நடத்தாமலே கீழ் நீதிமன்றம் முடிவுக்கு வந்தது தவறு என்று திருப்பி அனுப்பியது. 2001 ஏப்ரலில் ஈஸ்லி எதிர் குரோமார்ட்டி வழக்கில், மறுபடியும் 5–4 என்ற கணக்கில், எல்லையை நிர்ணயித்தது இனம் என்று மெய்ப்பிக்கப்படவில்லை, கட்சி அரசியலே என்று கொள்ள இடமிருக்கிறது என்று கூறித் தொகுதியைக் காப்பாற்றியது. நீதிபதி பிரையர் எழுதிய அந்தத் தீர்ப்பில், கறுப்பின வாக்காளர்கள் மிகப் பெரும்பான்மையாக ஜனநாயகக் கட்சிக்கே வாக்களிப்பதால் இனத்தையும் கட்சியையும் பிரித்தறிவது கடினம் என்ற சிக்கல் முழுமையாக எதிர்கொள்ளப்பட்டது. ஐந்தாவது தீர்ப்பு 2017இல் வந்தது. அதைக் கீழே வேறொரு கேள்வியில் பார்க்கலாம்.

12ஆவது தொகுதியில் இதுவரை எந்தெந்தக் கட்சிகள் வென்றன? எல்லை மாறியபோது முடிவும் மாறியதா?
— வங்கி ஊழியர், ஈரோடு

1992 முதல் இன்றுவரை ஜனநாயகக் கட்சி மட்டுமே. உறுப்பினர்களும் இருவரே. முதலாமவர் சார்லட் வழக்கறிஞர் மெல் வாட். 1992இல் சுமார் 70 சதவீத வாக்குகளோடு வென்று, 2014 ஜனவரியில் கூட்டாட்சி வீட்டுநிதி முகமையின் தலைவராகப் பொறுப்பேற்பதற்காகப் பதவி விலகினார். அடுத்தவர் கிரீன்ஸ்பரோவின் பென்னட் கல்லூரியில் நாற்பது ஆண்டுகள் ஓவியம் கற்பித்த ஆல்மா ஆடம்ஸ். இடைப்பட்ட ஏறத்தாழ பத்து மாதங்கள், ஆளுநர் இடைத்தேர்தலை நவம்பர் பொதுத்தேர்தலோடு சேர்த்து வைத்துவிட்டதால், ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்குக் காங்கிரசில் உறுப்பினரே இல்லை. இது எனக்கு இன்றும் ஏற்க முடியாத ஒன்றாகவே இருக்கிறது. தேர்தல் செலவு மிச்சம் என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று.

தங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிதான் ஊன்றிப் பார்க்க வேண்டியது. வெற்றி பெற்ற கட்சியை மட்டும் பார்த்தால் எல்லை மாறியும் எதுவும் மாறவில்லை என்று தோன்றும். வெற்றியின் அளவைப் பாருங்கள்.

1998ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு மட்டும், வழக்கு நடந்துகொண்டிருந்ததால், தற்காலிக வரைபடம் ஒன்று பயன்பட்டது. அதில் கறுப்பினத்தவர் பங்கு ஏறத்தாழ மூன்றில் ஒன்றுதான். வாட் அப்போதும் வென்றார்; ஆனால் சுமார் 56 சதவீத வாக்குகளோடு. 12ஆவது தொகுதியின் வரலாற்றில் மிக நெருக்கமான போட்டி அதுவே. கறுப்பினத்தவர் பாதிக்கும் குறைவாக இருந்தாலும், வெள்ளையினத்தவரில் ஒரு பகுதியினரின் ஆதரவோடு அவர்கள் விரும்பும் வேட்பாளர் வெல்ல முடியும் என்பதற்கு அந்த ஆண்டே சான்று. 2001க்குப் பின் வந்த வரைபடத்தில், வாக்களிக்கும் வயதினரில் கறுப்பினத்தவர் சுமார் 44 சதவீதம். அதன்கீழ் நடந்த ஐந்து தேர்தல்களிலும் வாட் 64 சதவீதத்துக்குக் குறையாமல் பெற்றார். அந்தத் தொகுதியில் அவர்களின் விருப்பம் நிறைவேறுவதற்கு எந்தத் தடையும் இருக்கவில்லை.

2010 நவம்பரில் குடியரசுக் கட்சி மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளையும் கைப்பற்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் பின் அப்படி நேர்ந்தது அதுவே முதல் முறை. 2011இல் அவர்கள், கட்சியின் தேர்ந்த வரைபட வல்லுநர் தாமஸ் ஹோஃபெலரைக் கொண்டு வரைந்த தொகுதியில், வாக்களிக்கும் வயதினரில் கறுப்பினத்தவர் 50.7 சதவீதம். நீளம் 120 மைல். மிக அகன்ற இடத்திலும் அகலம் 20 மைல். வாக்குரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டே பெரும்பான்மையை உருவாக்கினோம் என்று காரணம் சொல்லப்பட்டது. 2012இல் வாட் ஏறத்தாழ 80 சதவீதம் பெற்றார்.

64 சதவீதத்தில் வென்றவர் 80 சதவீதத்தில் வென்றதால் தொகுதி மக்களுக்கு இன்னொரு உறுப்பினர் கிடைத்துவிடவில்லை. கூடுதலாக வந்த வாக்குகள் அண்டைத் தொகுதிகளிலிருந்து எடுக்கப்பட்டவை. சார்லட்டின் கிழக்குப் பகுதிகளில் பெரும்பகுதியை இழந்த 8ஆவது தொகுதியில், ஜனநாயகக் கட்சியின் லேரி கிசெல் அதே 2012இல் தோற்றார். ராலேயிலிருந்து கிரீன்ஸ்பரோ வரை நீண்டிருந்த 13ஆவது தொகுதி உருமாறி, குடியரசுக் கட்சிக்குச் சென்றது. 2010இல், 12இலிருந்து 13 ஆக உயர்ந்திருந்த மாநிலத்தின் இடங்களில் ஏழு ஜனநாயகக் கட்சியிடம் இருந்தன. 2012இல், மாநில அளவில் குடியரசுக் கட்சியைவிட மொத்தத்தில் அதிக வாக்குகள் பெற்றும், அந்தக் கட்சிக்குக் கிடைத்தவை நான்கு. ஒரே கலத்தில் நீரைத் தளும்பத் தளும்ப ஊற்றிப் பக்கத்து வயல்களைக் காயவிடுவது போன்ற வேலை இது. 1872இல் ‘கறுப்பு இரண்டாவது’ தொகுதியை வகுத்தவர்கள் செய்ததும் இதையே. 140 ஆண்டு இடைவெளியில் கட்சியின் பெயர் மாறியிருக்கிறது. அடைபட்ட மக்கள் மாறவில்லை.

ஆகவே தேர்தல் முடிவுகளைப் படிக்கும் நண்பர்கள், ஒரு தொகுதியில் 80 சதவீத வெற்றியைப் பார்த்ததும் அது அந்த உறுப்பினரின் செல்வாக்கு என்று எழுதிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பக்கத்துத் தொகுதிகள் 55, 56 சதவீதத்தில் எதிர்க்கட்சிக்குப் போயிருக்கின்றனவா என்று பார்த்த பிறகே எதையும் சொல்ல முடியும்.

2017 தீர்ப்புக்குப் பிறகு அந்தத் தொகுதி என்ன ஆனது?
— வாசகர், கோயம்புத்தூர்

2016 பிப்ரவரி 5 அன்றே மூன்று நீதிபதிகள் கொண்ட கூட்டாட்சி நீதிமன்றம் 1ஆவது, 12ஆவது தொகுதிகளை இன அடிப்படையில் வரையப்பட்டவை என்று தள்ளுபடி செய்து, இரண்டு வாரத்துக்குள் புதிய வரைபடம் கேட்டது. காங்கிரஸ் தொகுதிகளுக்கான உள்கட்சித் தேர்தல் ஜூனுக்குத் தள்ளிப்போனது. புதிய 12ஆவது தொகுதி சார்லட் நகரம் உள்ள மெக்லன்பர்க் கவுண்டிக்குள் முழுமையாக அடங்கிவிட்டது. 24 ஆண்டுகள் இருந்த பாம்பு வடிவம் மறைந்தது. கிரீன்ஸ்பரோவைச் சேர்ந்த ஆல்மா ஆடம்ஸ் சார்லட்டுக்குக் குடிபெயர்ந்து நின்று, ஏறத்தாழ 67 சதவீத வாக்குகளோடு வென்றார். கூப்பர் எதிர் ஹாரிஸ் என்ற பெயரில் 2017 மே 22 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இந்தத் தள்ளுபடியை உறுதி செய்தது. நீதிபதி எலீனா கேகன் எழுதிய அந்தத் தீர்ப்பு, 12ஆவது தொகுதியைப் பொறுத்தவரை 5–3 என்ற கணக்கில் அமைந்தது. அவரோடு சேர்ந்தவர்களில் பழமைவாதியாக அறியப்பட்ட நீதிபதி கிளாரன்ஸ் தாமசும் ஒருவர். இந்தத் தொகுதி அமைக்கப்பட்டது அரசியல் கணக்குக்காக மட்டுமே என்று மாநிலம் நீதிமன்றத்தில் வாதாடியது. ஆனால் வரைபடம் வெளியான காலத்தில் அதே தலைவர்கள் வாக்குரிமைச் சட்டத்தைக் காரணமாகக் காட்டி வெளியிட்ட அறிக்கைகள் அவர்களுக்கு எதிராகவே நின்றன.

2018இல் ஆடம்ஸ் சுமார் 73 சதவீதமும், 2022இல் 63 சதவீத அளவிலும், 2024இல் 74 சதவீத அளவிலும் பெற்றார். 2020இல் அவரை எதிர்த்து எவரும் நிற்கவில்லை.

எல்லையை யார் வரைகிறார்கள்? ஆளுநர் தடுக்க முடியாதா?
— வாசகி, சேலம்

மாநிலச் சட்டமன்றம் வரைகிறது. வட கரோலினா ஆளுநருக்கு 1996 வரை எந்த மசோதாவையும் நிராகரிக்கும் அதிகாரமே இல்லை. அந்த அதிகாரம் வழங்கப்பட்டபோதும் தொகுதி எல்லை மசோதாக்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. எனவே ஆளுநர் எந்தக் கட்சியைச் சேர்ந்தவராக இருந்தாலும், இரு அவைகளும் ஒரே கட்சியிடம் இருக்கும்போது எதிர்ப்போருக்கு எஞ்சுவது நீதிமன்றம் ஒன்றே.

என் மகன் சார்லட்டில் மென்பொருள் பணியில் இருக்கிறான். அவனுக்கு அமெரிக்கக் குடியுரிமை இல்லை. 12ஆவது தொகுதியின் கணக்கில் அவனும் சேருவானா?
— ஒரு தாய், திருச்சி

அம்மா, மக்கள்தொகைக் கணக்கில் சேருவார்; ஆனால் வாக்காளராக அல்ல. பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கணக்கெடுப்பு, குடியுரிமை பாராமல் அங்கு வசிக்கும் எல்லோரையும் எண்ணுகிறது. 2020 கணக்கெடுப்பின்படி வட கரோலினாவில் ஒரு தொகுதிக்கு ஏறத்தாழ 7.46 இலட்சம் பேர். அந்த எண்ணிக்கையில் விசாவில் பணிபுரிவோரும் அடக்கம். விசா, குடியேற்ற விண்ணப்பம் போன்றவற்றில் தாமதம் நேர்ந்தால் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்தைத் தங்கள் மகனும் அணுகலாம். ஆனால் மெக்லன்பர்க் கவுண்டியில் 11 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வசிப்பதால், அது முழுவதும் ஒரே தொகுதியில் அடங்காது. ஒரு பகுதி 14ஆவது தொகுதியில் இருக்கிறது. தெருவின் பெயரை வைத்துத்தான் எந்தத் தொகுதி என்று உறுதி செய்ய வேண்டும். மாநிலத் தேர்தல் வாரியத்தின் இணையதளத்தில் முகவரியைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனத்தின் அடிப்படையில் வரைவது தவறு, கட்சியின் அடிப்படையில் வரைவது சரி என்றால், ஒன்றைச் செய்துவிட்டு மற்றொன்று என்று சொல்லித் தப்பித்துவிட மாட்டார்களா?
— ஆய்வு மாணவர், புதுச்சேரி

இந்த வரிசையில் வந்த கேள்விகளில் எனக்கு மிகுந்த கவலை தருவது இதுதான், ஏனென்றால் நீங்கள் அஞ்சுவது நடந்திருக்கிறது.

2016 பிப்ரவரியில் நீதிமன்ற ஆணைப்படி புதிய வரைபடம் தயாரித்தபோது, சட்டமன்றக் குழுவின் தலைவர்களுள் ஒருவரான டேவிட் லூயிஸ், இனம் பற்றிய விவரங்களைப் பார்க்கவே மாட்டோம் என்று அறிவித்துவிட்டு, குடியரசுக் கட்சிக்குப் பத்தும் ஜனநாயகக் கட்சிக்கு மூன்றுமாக இடங்கள் கிடைக்கும்படி வரைய முன்மொழிகிறேன், ஏனெனில் பதினொன்றுக்கு இரண்டு என்று வரைவது இயலாது என்று நினைக்கிறேன் என்று குழுக் கூட்டத்தில் வெளிப்படையாகவே சொன்னார். இன அடிப்படை என்ற குற்றச்சாட்டிலிருந்து தப்ப, கட்சி அடிப்படை என்பதை ஒப்புக்கொள்வதே கவசமாகிவிட்டது. 2019 ஜூன் 27 அன்று ரூச்சோ எதிர் காமன் காஸ் வழக்கில், தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதிய 5–4 தீர்ப்பு, கட்சி ஆதாயத்துக்காக எல்லை வரைவது நியாயமற்றதாகத் தோன்றினாலும் அதைத் தீர்க்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கு அளவுகோல் இல்லை என்று கதவை மூடியது. 2024இல் தென் கரோலினா வழக்கு ஒன்றில் நீதிபதி அலிட்டோ எழுதிய 6–3 தீர்ப்பு இன்னும் ஓரடி சென்றது. கட்சிக்காகத்தான் வரைந்தோம் என்று மாநிலம் சொல்லும்போது சட்டமன்றத்தின் நல்லெண்ணத்தை நீதிமன்றம் முன்கூட்டியே நம்ப வேண்டும். அதே கட்சி ஆதாயத்தை இனச் சாய்வு இல்லாமல் தரும் மாற்று வரைபடத்தை வழக்குத் தொடுப்பவர்கள் காட்டாவிட்டால் அதை அவர்களுக்கு எதிரான சான்றாகவே கொள்ளலாம் என்றது. 2017இல் 12ஆவது தொகுதி வழக்கில், அத்தகைய வரைபடம் கட்டாயமில்லை என்று கேகன் எழுதியிருந்தார். அவர் திறந்துவைத்த வழி அவ்வளவுக்குக் குறுகிவிட்டது.

மாநில நீதிமன்றங்கள் சிறிது காலம் வேறு பாதையில் சென்றன. 2019 இறுதியில் மாநில நீதிமன்றத் தலையீட்டால் வரைபடம் திருத்தப்பட்டு, 2020இல் இடங்கள் குடியரசுக் கட்சிக்கு 8, ஜனநாயகக் கட்சிக்கு 5 என்று ஆயின. 2022இல் நீதிமன்றமே ஏற்படுத்திய வரைபடத்தின்கீழ், புதிதாகக் கிடைத்த 14ஆவது இடத்தோடு சேர்த்து, 7–7 என்று சமமாகப் பிரிந்தன. அந்த ஆண்டே மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கான தேர்தலில் குடியரசுக் கட்சியினர் பெரும்பான்மை பெற்றார்கள். 2023 ஏப்ரல் 28 அன்று அந்த நீதிமன்றம் தன் முந்தைய தீர்ப்பையே மாற்றி, கட்சி அடிப்படையிலான எல்லைகளை விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்றது. அக்டோபரில் சட்டமன்றம் புதிய வரைபடத்தை நிறைவேற்றியது. 2024இல் குடியரசுக் கட்சிக்குப் பத்து, ஜனநாயகக் கட்சிக்கு நான்கு. 2025 அக்டோபரில், கணக்கெடுப்பு எதுவும் இடையில் நடக்காத நிலையிலும், கிழக்கே உள்ள 1ஆவது, 3ஆவது தொகுதிகளின் எல்லைகள் மறுபடியும் திருத்தப்பட்டன. ‘கறுப்பு இரண்டாவது’ தொகுதி பரவியிருந்த நிலப்பகுதியில் ஒரு பகுதி அந்த 1ஆவது தொகுதிக்குள்தான் வருகிறது.

12ஆவது தொகுதியிலிருந்து 2016இல் விடுபட்ட கிரீன்ஸ்பரோவை நினைத்துப் பார்க்கிறேன். 1960 பிப்ரவரி 1 அன்று, வெள்ளையருக்கு மட்டுமே என்றிருந்த உணவு மேசையில் நான்கு கறுப்பின மாணவர்கள் அமர்ந்து போராட்டத்தைத் தொடங்கியது அந்த நகரில். அவர்கள் படித்த வட கரோலினா ஏ அண்ட் டி பல்கலைக்கழக வளாகத்தை, 2016 வரைபடம் லாரல் தெருவின் வழியாக இரண்டாக வெட்டி, ஒரு பாதியை 6ஆவது தொகுதிக்கும் மறு பாதியை 13ஆவது தொகுதிக்கும் கொடுத்தது. வளாகத்தின் ஒரு விடுதியிலிருந்து வகுப்புக்கு நடந்து செல்லும் மாணவர் வழியில் காங்கிரஸ் தொகுதியைக் கடந்து செல்ல வேண்டியிருந்தது. இரண்டுமே குடியரசுக் கட்சியை அனுப்பின. 2020இல் நகரம் ஒரே தொகுதிக்குள் வந்ததும், ஜனநாயகக் கட்சியின் கேத்தி மேனிங் அங்கிருந்து தேர்வானார். 2023 வரைபடம் கிரீன்ஸ்பரோ இருக்கும் கில்ஃபர்ட் கவுண்டியை 5, 6, 9 என மூன்று தொகுதிகளுக்குப் பங்கிட்டது. மேனிங் மீண்டும் நிற்கவில்லை. 2024இல் அந்த மூன்று இடங்களிலும் குடியரசுக் கட்சியே வென்றது, 6ஆவது தொகுதியில் ஜனநாயகக் கட்சி வேட்பாளரையே நிறுத்தவில்லை.